தீர்ப்பு வந்ததும் நாம் பேசுவது: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு வழக்கில் கட்டளை வாசிக்கப்பட்டு வழக்காளி பஸ் நிலையத்துக்கு நடந்துபோவதற்குள், ஊரில் அந்தக் கட்டளை பற்றி இரண்டு மூன்று கதைகள் உலவத் தொடங்கிவிடுகின்றன. "வென்றாயிற்று" என்பார் ஒருவர், "காணி போய்விட்டது" என்பார் இன்னொருவர். நான் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வழக்குப் பேசும் சட்டத்தரணி. கட்டளையில் எழுதியிருந்ததை விட, அதைப் பற்றி ஊரில் சொல்லப்பட்ட கதையை நம்பிக் கெட்டவர்கள் அதிகம் என்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

செய்தியில் "உயர் நீதிமன்றம் தீர்ப்பு" என்று வருகிறது. அது எந்த நீதிமன்றம்?

முதலில் அந்தச் செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் மிக மேலான நீதிமன்றம், கொழும்பு புதுக்கடையில் இருப்பது. தமிழ்நாட்டுச் செய்தியில் உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தின் நீதிமன்றம். அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இந்தியச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு, "உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி மேன்முறையீடு இல்லை" என்று இங்கே ஒருவர் முடிவெடுத்தால் அது இரண்டு விதத்திலும் பிழை: அங்கே அதற்கு மேலும் ஒரு நீதிமன்றம் உண்டு, இங்கே இந்தியத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

எங்கள் வரிசை இப்படிப் போகும். அடியில் நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும். அதற்கு மேல், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு வந்த மாகாண மேல் நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றத்துக் குடியியல் மேன்முறையீடுகளையும் 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மாகாணத்திலேயே கேட்கிறார்கள். அதற்கும் மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உயர் நீதிமன்றம். "மேல்", "உயர்" என்ற இரண்டு சொற்களைக் குழப்பிக்கொண்டால் முழுச் செய்தியும் குழம்பிவிடும்.

இடைக்கால உத்தரவு வந்தால் வழக்கு முடிந்ததாகுமா?

இல்லை. விசாரணை முடியும் வரை இருப்பதை இருந்தபடி வைத்திருங்கள் என்பதுதான் இடைக்காலத் தடையுத்தரவின் சாரம். மாவட்ட நீதிமன்றத்தில் மறுதரப்பை அழைக்காமலே கொடுக்கப்படும் முதல் தடுப்புக் கட்டளை 14 நாட்களுக்கு மேற்படக்கூடாது. அந்த 14 நாளில் மறுதரப்பு வந்து தன் பக்கத்தைச் சொல்லும். அதைக் கேட்டபின் நீதிபதி தடையை நீடிக்கலாம், நீக்கவும் செய்யலாம்.

இந்த வேறுபாடு எங்கள் பகுதியில் உயிர்நாடியானது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் (அதைத் தனிச் செயலகமாகத் தரமுயர்த்துவதா என்ற தகராறு), மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை விவகாரம் (கால்நடை வளர்ப்போருக்கும் பயிர்செய்ய வந்தோருக்கும் இடையிலான தகராறு) போன்றவை மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனவை. அப்படியான வழக்கு ஒவ்வொரு தவணைக்குப் போய்த் திரும்பும்போதும் "எங்களுக்குச் சாதகம்" என்று இரு பக்கமும் செய்தி பரப்பும். திகதி தள்ளிப்போனதைக்கூட வெற்றி என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த தெருவில் மற்ற சமூகத்தவர் வாழும் ஊர்களில் அப்படி எழுதுவது நெருப்போடு விளையாடுவது. தவணை வழங்கப்பட்டால் "தவணை வழங்கப்பட்டது" என்று மட்டும் சொல்லுங்கள்.

அறுபத்தாறில் எங்களுக்குக் கட்டளை கிடைத்துவிட்டது. காணி எங்களுடையதுதானே?

இதற்குத்தான் மிக நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன். ஏனெனில் இந்த ஒரு தவறான எண்ணத்தால் அழிந்த குடும்பங்கள் வாகரை முதல் பொத்துவில் வரை இருக்கின்றன.

"அறுபத்தாறு" என்று எல்லோரும் சொல்வது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவை. காணித் தகராறு ஒன்றால் அடிதடி வந்துவிடும் என்று தோன்றினால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். தரப்பினரே நேரடியாகவும் போகலாம். அங்கே நீதிபதி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீதிமன்றத்தில் அந்தத் தகவல் தாக்கலான நாளில் காணி யார் கையில் இருந்தது? அந்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், அவரைத் திரும்ப உள்ளே விடும்படி கட்டளையிடலாம். உறுதி (காணிப் பத்திரம்) யாருடையது, நிலஅளவைப் படம் யார் பெயரில் இருக்கிறது, பாட்டன் யாருக்குக் கொடுத்தார் என்பவற்றை அந்த நீதிமன்றம் தீர்ப்பதில்லை. அது சண்டையை நிறுத்துகிறது. காணியின் உரித்தைத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவருடைய சம்மதத்தோடு, ஊர் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மண்டூர்ப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் விதைநெல் வாங்கிய பற்றுச்சீட்டுகள், பழைய உறுதி ஒன்று, எட்டாக மடித்து மடிப்புகள் கிழிந்துபோன ஒரு நீதிமன்றக் கட்டளை. மேசையில் அதை விரித்தபோது நடுவில் ஒரு வரி கிழிசலோடு போய்விட்டிருந்தது. அறுபத்தாறு வழக்கில் வயலை மறுதரப்பிடம் விடச்சொல்லிக் கட்டளை. "வழக்குத் தோற்றுவிட்டது, இனி அந்த வட்டை (வயல்வெளி) பக்கம் போகாதே" என்று ஊரில் படித்த ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரியவரும் போகவில்லை. இரண்டு பெரும்போகம் அவர் கண்முன்னே மற்றவர் விதைத்து அறுத்தார்.

அவரிடம் இருந்த உறுதி நல்ல உறுதி. காணியின் ஆட்சியிலிருந்து, அதாவது கைவசத்திலிருந்து, வெளியேற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் வழக்கிட்டால் உரித்தை நிரூபிக்காமலே ஆட்சியைத் திரும்பக் கேட்கும் வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு வருடம் கடந்திருந்தது. இனி உரித்தை அடியிலிருந்து நிரூபிக்கும் நீண்ட வழிதான் மிச்சம். அந்தக் கட்டளையின் கடைசிப் பக்கத்தில், தகுதியான நீதிமன்றம் தீர்மானிக்கும் வரைதான் இது செல்லும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசித்துக் காட்டியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அறுபத்தாறில் கட்டளை கிடைத்தவருக்கும் சொல்கிறேன், கிடைக்காதவருக்கும் சொல்கிறேன்: அடுத்த வாரமே மாவட்ட நீதிமன்ற வழக்கைப் பற்றி யோசியுங்கள். அந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது. சட்டப் பிழை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம், அதையும் தாமதமின்றிச் செய்யவேண்டும்.

"மனுவுக்கு அனுமதி வழங்கப்பட்டது" என்றால் வெற்றியா?

கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றம் முதலில் மேலோட்டமாகப் பார்த்து, கேட்கத் தக்கதா என்று தீர்மானிக்கும். அனுமதி கிடைத்தால் அதற்குப் பிறகுதான் உண்மையான விசாரணை.

ஒருவர் விடுதலை செய்யப்பட்டால் குற்றம் நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்கிறதா?

2005ஆம் ஆண்டு நத்தார் ஆராதனையின்போது மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பல வருடங்களுக்குப் பிறகு மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2021 ஜனவரியில், வழக்கைத் தொடர்ந்து நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது; எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) விடுதலை செய்யப்பட்டார்கள்.

அந்த நாளில் ஒரு பக்கம் "நிரபராதி என்று நிரூபணமானது" என்றார்கள். மறுபக்கம் "நீதிமன்றம் கொலையை மூடிவிட்டது" என்றார்கள். இரண்டும் கட்டளையில் இல்லாதவை. வழக்குத் தொடுநர் பின்வாங்கிவிட்டால் நீதிபதிக்கு எடைபோடச் சாட்சியம் எதுவும் மிஞ்சுவதில்லை. எதிரிகளைத் தடுத்துவைக்க நியாயம் இல்லாமல் போகிறது, விடுவிக்கிறார். யார் கொன்றது என்ற கேள்விக்கு அந்த விடுதலை பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி பேராலய வாசலில் இன்னமும் நிற்கிறது. அதைக் கேட்க நினைப்பவர்கள் சட்டமா அதிபரிடம் கேட்கவேண்டும், புலனாய்வு செய்தவர்களிடம் கேட்கவேண்டும். நீதிபதியை ஏசுவது கேள்வியைத் தவறான வாசலுக்கு அனுப்புவது.

சட்டத்தரணிகள் தங்களுக்குள் ஒரு தீர்ப்பைப் பேசும்போது முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?

என் சீனியர் தீர்ப்பைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார். மேன்முறையீடு அனுமதிக்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, செலவு யார் தலையில் என்று பார்த்துவிட்டு முதல் பக்கத்துக்கு வருவார். திகதி, எத்தனை நீதிபதிகள், அவர்கள் எல்லோரும் ஒத்துப்போனார்களா என்பதைப் பென்சிலால் ஓரத்தில் குறிப்பார். அதன் பிறகுதான் நடுவில் உள்ள காரணங்களைப் படிப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

நடுவில் தேடுவது, நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி என்ன என்பதை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தக் காரணம் இன்றியமையாததாக இருந்ததோ அதுதான் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்டுப்படுத்தாது. பத்திரிகைத் தலைப்புகளுக்குப் பெரும்பாலும் அந்த அழகான வரிதான் பிடிக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மலையகத்தில் ஒரு தோட்டக் காணியிலிருந்து வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. அதை எதிர்த்து சோலைமுத்து ராசு என்பவர் கண்டியில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரிகளின் முடிவைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளை, ஆங்கிலத்தில் ரிட்) கேட்டார். அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி வந்த தீர்ப்பைப் பலர் அரசியல் செய்தியாக, மாகாண சபைக்குக் காணி அதிகாரம் உண்டா இல்லையா என்ற விவாதமாகவே படித்தார்கள். நாங்கள் கோர்ட் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசியது வேறு விடயம். அரச காணியை மீட்கும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அம்பாறை விவசாயி ஒருவருக்கு வெளியேறல் அறிவித்தல் கிடைத்தால், அதை எழுத்தாணை மூலம் எதிர்க்க அவர் இனி கல்முனைக்குப் போக முடியாது, கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். இரவு பஸ், சட்டத்தரணி செலவு, தங்குமிடம், ஒரு நாள் வேலை. கண்டியில் தொடங்கிய வழக்கு அக்கரைப்பற்றுக்காரரின் பயணத்தை நீட்டிவிட்டது. தீர்ப்பை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

பழைய தீர்ப்பு ஒன்று எங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. இன்றும் செல்லுமா?

வயது ஒரு குறை அல்ல. கூட்டுரிமைக் காணி பற்றி நாங்கள் இன்றும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு 1911ஆம் ஆண்டில் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் கொடுத்தது, கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி. ஒரு கூட்டுரிமையாளரின் ஆட்சி எல்லாக் கூட்டுரிமையாளருக்குமான ஆட்சி என்று அது சொன்னது. தங்கை வெளிநாட்டில் இருக்கும்போது அண்ணன் பத்து வருடம் வளவில் இருந்தார் என்பதற்காக மட்டும் தங்கையின் பங்கு அண்ணனுக்குப் போய்விடாது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிச் சட்டம்தான் தெரியும். 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், மிக நீண்ட காலம் ஒருவர் தனியே அனுபவித்த சூழ்நிலையிலிருந்து மற்றவர்கள் விலக்கப்பட்டார்கள் என்று ஊகிக்கவும் இடமுண்டு என்றார்கள். ஒரு தீர்ப்பைக் காட்டி "சட்டம் இதுதான்" என்பவரிடம் அடுத்த தீர்ப்பைக் கேளுங்கள்.

தீர்ப்பை மாற்றுவது இன்னொரு தீர்ப்பு மட்டுமல்ல, பாராளுமன்றமும் மாற்றும். அம்பாறையில் கல்லோயாத் திட்டக் காணிகள் பெருமளவு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிட்டில் கொடுக்கப்பட்டவை. பின்னுரித்தாளர் (அடுத்து காணியைப் பெறுபவர்) நியமிக்கப்படாமல் பெர்மிட்காரர் இறந்தால் பெண்மக்களை விட ஆண்மக்களையும், இளையவரை விட மூத்தவரையும் முன்வைத்த வரிசை அதில் நெடுங்காலம் இருந்தது. ஆண், பெண் வேற்றுமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய தீர்ப்பு ஒன்றைக் காட்டி ஒரு மகளை ஒதுக்கப் பார்ப்பவரிடம், மரணம் எந்தத் திகதியில் நடந்தது என்று கேட்டு, அன்று எந்தச் சட்டம் இருந்தது என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக் காணித் தீர்ப்பு எங்களுக்கும் பொருந்துமா? நாமும் தமிழர்தானே?

தமிழர் என்பதால் மட்டும் பொருந்தாது. தேசவழமை வட மாகாணத் தமிழருக்கு உரிய சட்டம். பங்காளி காணியை முதலில் வாங்கும் உரிமை, சீதனம், தேடிய தேட்டம் (திருமண காலத்தில் தேடிய சொத்து) பற்றிய அதன் விதிகள் மட்டக்களப்புத் தமிழருக்கு இல்லை. எங்களுக்கும் ஒரு வழமை இருந்தது: முக்குவர் சட்டம். தாய்வழிக் குடிமுறையின்படி முதுசம் (பரம்பரைச் சொத்து) மருமகன் வழியில், அதாவது சகோதரியின் மகனுக்கு, போன காலம் அது. 1876இல் பிரிட்டோ அதை நூலாக எழுதிவைத்தார். அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று மட்டக்களப்புத் தமிழர் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் துணைக்குப் பாதி, மறுபாதி பிள்ளைகளுக்குச் சம பங்கு, ஆண் பெண் வேறுபாடு இல்லை. வீடு பெண்பிள்ளைக்கு என்ற எங்கள் ஊர் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் உறுதி எழுதிக் கொடுத்தால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை முஸ்லிம் குடும்பங்களின் மரபுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி போகும். ஒரே வீதியில் அடுத்தடுத்த இரண்டு வளவுக்கு இரண்டு சட்டம். அதனால்தான் "அவர்களுக்கு அப்படித் தீர்ந்ததே, எங்களுக்கு ஏன் இல்லை" என்ற ஒப்பீடு பல தடவை பிழைத்துப்போகிறது.

இந்தியத் தீர்ப்புகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். எங்கள் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஆகவே சாட்சியம் பற்றிய இந்தியத் தீர்ப்புகளை இங்கே நீதிபதிகள் மதிப்போடு கேட்பார்கள், கட்டுப்படவேண்டியதில்லை. காணி உரித்தில் எங்கள் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். அதில் தமிழ்நாட்டுத் தீர்ப்பு அதிகம் உதவாது.

பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடுமா?

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கேட்பது பத்து வருட இருப்பை மட்டுமல்ல. இடையூறில்லாமல், தொடர்ச்சியாக, உரிமையாளருக்கு எதிரான உரிமையோடு இருந்திருக்கவேண்டும். வாடகைக்கு இருந்தவர், காவலுக்கு விடப்பட்டவர், உறவினர் என்று இடம் கொடுக்கப்பட்டவர் எத்தனை வருடம் இருந்தாலும் எண்ணிக்கை அப்படியே தொடங்கிவிடாது. அரச காணிக்கு எதிராக இது ஓடவே ஓடாது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை வர முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்பது அதன் நோக்கம். அந்தச் சட்டத்தின்கீழ் வழக்கிடக் காலவரையறை இருந்தது. எத்தனையோ பேர் அப்படி ஒரு சட்டம் வந்தது என்பதையே கேள்விப்படவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டம் வெல்லாவெளிக்கோ திருக்கோவிலுக்கோ வந்து சேர்வதற்குள் அதன் காலம் ஓடிவிட்டது என்றால், சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை என்றுதான் பொருள். சட்டத்தரணிகளாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் கேட்க உரிமை உண்டா?

உண்டு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இதைச் சொல்கிறது. நீதிமன்றத்தில் பயன்படும் மொழி தெரியாத தரப்பினர், அரசின் செலவில் சிங்களத்துக்கோ தமிழுக்கோ மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் பெறலாம். தனக்குக் கிடைக்க உரித்தான பதிவேட்டுப் பகுதிகளையும் அந்த மொழியில் பெறலாம். எங்கள் மாகாணத்து நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கிறது. கொழும்பில் மேல்முறையீடுகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சாட்சி மட்டக்களப்புத் தமிழில் சொன்னது, ஆங்கிலத்துக்குப் போய், நீதிபதிகள் அதைப் படித்து முடிவெடுக்கிறார்கள். "வரம்பு வெட்டினான்" என்பதை எல்லையை அழித்ததாக எழுதுவதா, வரம்பைச் சீர்செய்ததாக எழுதுவதா என்பதில் ஒரு வழக்கு திரும்பிவிடலாம். மொழிபெயர்த்த சாட்சியத்தை உங்கள் சட்டத்தரணியோடு உட்கார்ந்து ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

ஒரு தீர்ப்பு பிழை என்று வெளிப்படையாகச் சொல்லலாமா? நீதிமன்ற அவமதிப்பு ஆகாதா?

சொல்லலாம். நீதிமன்றங்கள் பகிரங்கமாக அமரவேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்வதே மக்கள் பார்க்கவேண்டும், பேசவேண்டும் என்பதற்காகத்தான். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும் நடவடிக்கைகள் பற்றிய நேர்மையான, சரியான அறிக்கைக்கும், முடிந்த வழக்கின் மீதான நியாயமான விமர்சனத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. "இந்தக் காரணம் பொருந்தாது, ஏனென்றால் இந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் கவனிக்கவில்லை" என்பது விமர்சனம். "நீதிபதி காசு வாங்கிவிட்டார்" என்று ஆதாரமின்றிச் சொல்வது குற்றச்சாட்டு. சாட்சியை மிரட்டுவதும், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் தீர்ப்பைத் திசைதிருப்ப முயல்வதும் வேறு வகை. அவை நேரே சிறைக்குக் கொண்டுபோகும்.

உங்கள் சொந்த வழக்குகளைப் பற்றி ஏன் அதிகம் எழுதுவதில்லை?

கட்சிக்காரர், அதாவது எனக்கு வழக்குத் தந்தவர், என்னிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிட சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு என்னை விடாது. சட்டத்தரணிகளுக்கான 1988ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் சம்மதமின்றி எழுதமாட்டேன். களுவாஞ்சிக்குடி போன்ற ஊரில் பெயரை மறைத்தாலும் வேலி, கிணறு, மாமரம் என்று மூன்று விவரம் சொன்னால் போதும், யார் என்று தெரிந்துவிடும்.

பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லலாமா?

கூடாது. தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தனிக் குற்றம். பெயரை விட்டுவிட்டு பாடசாலையையும் தகப்பனின் தொழிலையும் எழுதினாலும் அடையாளம் காட்டியதுதான். நியாயம் கேட்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் படத்தை அனுப்புபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எந்தெந்தக் காலக்கெடுவை நினைவில் வைக்கவேண்டும்?

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளுக்குள், மனு 60 நாளுக்குள். நீதவான் நீதிமன்றத்துக் குற்றவியல் தீர்ப்புக்கு எதிராக 14 நாள். உயர் நீதிமன்றத்தில் விசேட அனுமதி கோர ஆறு வாரம். அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து, அங்கே விசாரணை நிலுவையில் இருந்தால், அந்தக் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு கையில் இருப்பது மட்டும் போதாது. தீர்ப்புக்கு எதிராகப் போகும்போது எண்ணிக்கை தீர்ப்பு வழங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, பிரதி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல.

பணம் இல்லாதவர் எங்கே போவது?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையங்கள் உண்டு. சிறு தகராறு என்றால் மத்தியஸ்த சபை. சில வகை வழக்குகளை அங்கே போய், இணக்கமில்லை என்ற சான்றிதழ் பெறாமல் நீதிமன்றத்தில் போடவும் முடியாது.

வட்ஸ்அப்பில் ஒரு தீர்ப்பின் படம் வந்திருக்கிறது. உண்மையா என்று எப்படி அறிவது?

வழக்கு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். நீதிமன்றத்தின் பெயர், திகதி, நீதிபதியின் கையொப்பம், கடைசிப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் படமாக வந்தால், மற்றப் பக்கங்கள் எங்கே என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தளத்தில் போடுகின்றன. இலக்கத்தைக் கொண்டு தேடலாம். கீழ் நீதிமன்றக் கட்டளையென்றால் உங்கள் சட்டத்தரணி மூலம் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, உறுதிப்படுத்தப்பட்ட பிரதி எடுங்கள். எடுத்ததும் ஒரு நிழற்பிரதி போட்டு, மூலப் பிரதியை மடிக்காமல் ஒரு கோப்பில் வையுங்கள்.